போனுக்கு முன்னால் இருமுகிறவர்

கொரோனா காலத்தில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் கேட்குமே, அதை இருமியவர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுக்கு எதிர்மாடி. பெயர் சவரிமுத்து. எங்களுக்கெல்லாம் இருமல் அண்ணாச்சி. யார் எந்த நம்பரை அழுத்தினாலும் அவர் இருமியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அரைமணி நேரம் விடுவார்கள். அப்போது யாருக்கும் லைன் கிடைக்காது.

இருமுகிறவருக்குத் தெரியாததா என்று தெருவே அவரிடம்தான் சந்தேகம் கேட்கும். கபசுரக் குடிநீரை வெறும் வயிற்றில் குடிக்கலாமா, வாட்ஸப்பில் வந்த வெங்காய வைத்தியம் நிஜமா என்று மாடியைப் பார்த்துக் கத்துவோம். ஒரு இருமல் என்றால் ஆமாம். இரண்டு என்றால், போய் டாக்டரைக் கேள். அநேகமாக இரண்டுதான் வரும். இப்போது போன் போட்டால் நேராக மணி அடிக்கிறது. வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு அந்த நாட்கள்மேல் இன்னும் ஏக்கம் உண்டு.

அந்த வைகாசியில் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். ஆக்சிஜன் எண்பத்தாறு. ஆக்சிஜன் ஏறக் குப்புறப் படுங்கள் என்று டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், போனில் நானும் அழுது சொன்னேன். கேட்கிற ஜென்மமா அது? "எனக்குச் சரிப்படாது" என்று மல்லாந்தே கிடந்தார்.

எதிர்மாடிக்குப் போனேன். "அண்ணாச்சி, அவுக எனக்குப் போன் போடுறப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நமக்கு இருமல் மட்டுந்தான் தாயி. இருமலுக்கு அப்புறம் பேசுற பேச்செல்லாம் அந்தம்மா டிபார்ட்மென்ட்டு."

பிறகு பாயை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு இருமினார்.

அன்று போன் போட்ட அத்தனை பேரும் போட்ட இடத்திலேயே குப்புறப் படுத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் ஏழு பேர் படுத்ததாகச் சொன்னார்கள். எனக்குப் போன் போட்ட என் வீட்டுக்காரரும் படுத்தார். சாயங்காலம் தொண்ணூற்று நாலு. நான் அண்ணாச்சி வீட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மட்டும்தான் வந்தார், அவருடைய குறட்டை வரவில்லை. முப்பது வருஷமாக நான் திட்டித் தீர்த்த குறட்டை. அது இல்லாமல் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி இருமி முடித்ததும் நர்ஸ் எடுத்தார்.

"அது இன்னும் நாலாம் நம்பர் பெட்லதான் இருக்குக்கா. கொஞ்சம் தேறட்டும், விட்டுருவோம்."

வியாழக்கிழமை குறட்டைக்கும் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க் மாட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தது.