டெலியோ கையெழுத்துப் போடவில்லை

இடாலினா போர்பா இறந்த மூன்றாம் நாள், அடக்கம் முடிந்து, சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஊரே உட்கார்ந்து மாட்டுக்கறிக் குழம்பில் ஊறிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மகள் லியோனோர் எழுந்து வந்து, தம்பி டெலியோவின் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் உறையை வைத்தாள்.

"என்னக்கா இது?"

"நோட்டீஸ். அம்மாவோட டிரஸ்ட் பத்தினது. சட்டப்படி அறுபது நாளைக்குள்ள உன் கைக்கு வரணும்."

"இன்னிக்கு மூணாவது நாளு."

"நீதான் இங்கயே இருக்கியே. தபால் செலவு மிச்சம்."

டெலியோ பிரித்துப் படித்தான். டிரஸ்டை எதிர்த்து வழக்குப் போடுவதானால் நூற்றிருபது நாளுக்குள் போடலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கரண்டியை வைத்தான், தொப்பியை எடுத்தான், போனான். அதற்கப்புறம் அக்காளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

லியோனோர் கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் டுலேரி ஊரில் பாதிப் பேர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் உயர்நிலைப்பள்ளியில் வருகைப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். வகுப்பிலேயே வாந்தி எடுத்தவனிடம்கூட வாந்திக்குச் சீட்டு கேட்ட ஆள். அப்படிப்பட்டவளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அதில் போட்டபடிதான் நடப்பாள். அதனால்தானே அம்மா அவளிடம் கொடுத்தாள்!

கணவர் போனபோது சொத்து இரண்டு வருடம் கோர்ட்டில் கிடந்ததைப் பார்த்தவள் இடாலினா. தன் காலத்துக்குப் பிறகு அந்தக் கூத்து வேண்டாம் என்று, பதினோரு வருடத்துக்கு முன்னால் வீட்டையும் பன்னிரண்டு ஏக்கர் பாதாம் தோட்டத்தையும் ஒரு டிரஸ்டில் போட்டுவிட்டாள். உயிரோடு இருக்கும்வரை அவளே அதை நிர்வகிக்கும் டிரஸ்டி, அவளுக்குப் பின் லியோனோர். இரண்டையும் விற்று இரு பிள்ளைகளும் சரிபாதி எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆயுசில் ஒரு தடவைகூட மகளைப் பாராட்டாத அம்மா, எழுத்தில் அவள் பெயரைப் போட்டிருந்தது லியோனோருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

அம்மா அதை எழுதியபோது டெலியோவுக்கு ஃப்ரெஸ்னோவில் வீடும் இருந்தது, பெண்டாட்டியும் இருந்தாள். இரண்டும் ஒரே வருடத்தில் போயின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தவன் ஒன்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டான். அம்மா படுத்த படுக்கையானதும் பால் பண்ணை வேலையை விட்டான். குளிப்பாட்டினான், மாத்திரை கொடுத்தான், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்தான். இப்போது வயது ஐம்பத்தாறு. வீட்டை விற்றால் அவன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். பாதிப் பணம் வருமே என்பீர்கள். அது கைக்கு வர மாதக்கணக்காகும், வேலையும் இல்லாதவனுக்கு அதுவரை டுலேரியில் கார் கொட்டகைகூட யாரும் வாடகைக்குத் தர மாட்டார்கள்.

இது லியோனோருக்குத் தெரியாதா? நோட்டீஸ் கொடுத்த அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வக்கீல் ஓல்சனிடம் போய் உட்கார்ந்தாள்.

"எழுதியிருக்கறபடிதான் செய்யணுமா?"

"டிரஸ்டி வேற என்ன செய்ய முடியும்? வித்துத்தான் ஆகணும். ஆனா ஒரு வழி இருக்கு. உங்க ரெண்டு பேரத் தவிர பங்குக்காரங்க யாரும் இல்ல. ரெண்டு பேரும் எழுத்துல சம்மதிச்சா விக்க வேண்டாம். வீடு அவருக்கு, தோட்டம் உங்களுக்கு. விலை ஏறக்குறைய ஒண்ணுதான்."

"அப்படியே எழுதுங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா?"

"எழுதுங்க, அனுப்பிடறேன்."

பதினோரு பிரிவுகளில் ஒப்பந்தம் தயாரானது. லியோனோர் தன் கையெழுத்தைப் போட்டு, டெலியோவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபால்காரி யெசேனியா கதவைத் தட்டினாள். டெலியோ கதவிடுக்கு வழியாக அனுப்பியவர் பெயரைப் பார்த்தான்.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"வாங்கிக்கிட்டதுக்குத்தான் கையெழுத்து சார், வேற எதுக்கும் இல்ல."

"அதுக்கும் மாட்டேன்."

உறை திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி வந்தது. சாதாத் தபாலில் போட்டால் பிரிக்காமலே குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. போன் செய்தால் எடுக்க மாட்டான். நேரில் போனால் வாசலில் வண்டி நிற்கும், திரைச்சீலை அசையும், கதவு மட்டும் திறக்காது. விடாக்கண்டன், கொடாக்கண்டன். இடாலினா பெற்றது இரண்டுமே அப்படி.

நூற்றிருபது நாள் முடிந்தது. ஓல்சன் இனியும் தள்ளிப்போட முடியாது என்றார். வாசல் புல்லில் 'விற்பனைக்கு' பலகை நட்டார்கள். பத்தாம் நாள் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றார். அது அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லியோனோர் அந்த வாசலில் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"டேய் டெலியோ! கதவத் திற!"

உள்கதவு திறந்தது. கம்பிவலைக் கதவின் கொக்கி திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், நன்றாக இளைத்திருந்தான்.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாத. கேளு, போதும். நான் படிக்கறேன்."

முதல் பிரிவிலிருந்து தொடங்கினாள். இன்ன தேதியில், இன்ன மாவட்டத்தில், இன்னாரின் மகளும் மகனுமாகிய நாங்கள். மூன்றாவது பிரிவில் டெலியோ பொறுமை இழந்தான்.

"வீடு யாருக்குன்னு மட்டும் சொல்லித் தொலை!"

"ஏழாவதுல வருது. இரு."

"ஏழாவதப் படியேன்!"

"ஆறு படிக்காம ஏழு எப்படிடா புரியும்?"

ஆறையும் படித்தாள். ஏழையும் படித்தாள். மேற்படி வீடும் மனையும் டெலியோ போர்பாவுக்கு முழு உரிமையாகச் சேரும். அவள் எட்டாவதை ஆரம்பித்தாள்.

"திருப்பிப் படி."

"எட்டா?"

"ஏழு."

படித்தாள். கொக்கி விலகியது.

கதவுக்குப் பின்னாலேயே நாலு அட்டைப்பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. மேல்பெட்டியில் அவனுடைய வேலைக்கால ரப்பர் பூட்ஸ் இருந்தது. சமையலறையைத் துடைத்துவிட்டிருந்தான். சாவிக்கொத்து மேஜை நடுவில் கிடந்தது, பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டில் 'அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது.

லியோனோர் பெட்டிகளைப் பார்த்தாள். ஐம்பத்தாறு வருடத்துக்கு நாலு பெட்டி.

"எப்போ கெளம்பறதா இருந்தே?"

"அஞ்சு மணிக்குத்தானே விக்கறே? அதான் நாலரைக்கு."

அவள் எட்டு தடவை கடிதம் போட்டிருக்கிறாள். நோட்டீஸ் கொடுத்திருக்கிறாள். வழக்குப் போடுகிறாயா என்றுகூடக் கேட்டாயிற்று. கேட்காதது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கடா போறதா இருந்தே?"

டெலியோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"நாலு மாசமா இதத்தான்க்கா யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன்." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "தெரியலக்கா. வண்டில ஏறின அப்புறம் யோசிக்கலாம்னு நெனச்சேன்."

லியோனோருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. அறுபது நாள் கெடு, டிரஸ்டியின் கடமை, ஓல்சன் சொன்னது. இப்போது அதையெல்லாம் நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா. அன்னிக்கு அந்த நோட்டீஸ நான் குடுத்திருக்கக் கூடாது."

"சட்டப்படி சரிதானே?"

"சட்டம் கெடக்குது, விடு."

அக்காள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று டெலியோ கனவிலும் நினைத்ததில்லை. அண்ணாந்து அவளையே பார்த்தான்.

"பேனா குடு."

கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பெயரை எழுதினான், தேதி போட்டான், காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். லியோனோர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னிக்குப் பதினெட்டு. நீ பதினேழுன்னு போட்டிருக்க."

"அட ஆண்டவனே!"

"அடிச்சிட்டு எழுது. பக்கத்துல சின்னக் கையெழுத்து ஒண்ணு போடு."

முணுமுணுத்துக்கொண்டே அடித்து எழுதினான். லியோனோர் வீட்டுத் தரகருக்குப் போன் போட்டு, வீடு விற்பனைக்கு இல்லை என்றாள். மணி நாலே முக்கால். காகிதங்களை அடுக்கி உறைக்குள் வைத்தாள். கூடத்தில் அம்மாவின் கட்டில் போட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். அம்மா போனதிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவை.

டெலியோ கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.