பூண்டுக் கொட்டகையில் கறிக்கோழி

2023 டிசம்பர் 11, திங்கட்கிழமை காலை, கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் வேல்ராஜின் பூண்டுக் கொட்டகைக்குள் ஒன்பது கறிக்கோழிகள் செத்துக் கிடந்தன.

எல்லாம் மல்லாந்து கிடந்தன. கொண்டை நீலம் பாரித்திருந்தது. அவன் மனைவி மகாதேவி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. துணி துவைக்கும் கல்லில் வைத்து அதை அறுத்தபோது மஞ்சளாக நீர் கொட்டி, கல்லிலிருந்து வழிந்து அவள் பாதத்தை நனைத்தது. வேல்ராஜ் எட்டி நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சனிக்கிழமையிலிருந்தே செத்துக்கொண்டுதான் இருந்தன. அதுவரை ஒன்றிரண்டாக.

மிச்சமிருந்தவை தீவனத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டே தின்றன.

ஏறத்தாழ இருநூறு குஞ்சுகளை நவம்பர் நடுவில் இறக்கியிருந்தார்கள். கொடைக்கானல் பஜாரில் கறிக்கடை வைத்திருக்கும் ஹபீப் சொன்ன யோசனை அது. கீழிருந்து வரும் கோழிகள் மலைப்பாதை வளைவுகளில் கூண்டுக்குள்ளேயே நசுங்கிச் சாகின்றன, சாகாதவையும் எடை இழந்து வந்து சேர்கின்றன என்று அவர் அலுத்துக்கொண்டிருந்தார். மேலேயே வளர்த்துக் கொடுத்தால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் வளர்ப்பு தேறினால் அதன்பிறகு தானே தொடர்ந்து குஞ்சு இறக்கித் தருவதாகவும் சொன்னார்.

மகாதேவி அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அந்த வருஷம் காட்டுமாடுகள் இறங்கிப் பூண்டு வயலை மிதித்துப் போட்டிருந்தன. மிச்சத்தை மழை அழுகவைத்தது. வேல்ராஜ் மறுபடியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகப் பேச்செடுத்தான். முன்பு ஒருமுறை போனவன் மூன்று வருஷம் அங்கே இருந்தான். தீபாவளிக்குக்கூட வரவில்லை. அவன் அங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவதாக இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். பிறகு ஒருநாள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இன்னொரு முறை போனால் வரமாட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஹபீபுக்குக் கொடுக்கிற மாதிரி கோழி இங்கே மலைமேலேயே தேறிவிட்டால் எங்கேயும் போகமாட்டேன் என்று மகள் தமிழ்மதியை வைத்துக்கொண்டு அவன் வாக்குக் கொடுத்தான்.

கொடுத்த வாக்குக்கு உண்மையாகத்தான் வேலை பார்த்தான். பூண்டைப் பிடுங்கியதும் கட்டுக் கட்டாக விட்டத்தில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு உலர்த்துவது அங்கே வழக்கம். பனிக்காற்று உள்ளே புகுந்தால் பூண்டு கெடும். கொட்டகையை அடைப்பதில் வேல்ராஜுக்கு இணையில்லை என்று பெயர். பலகை இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்து, அதன்மேல் பாலித்தீன் தாள் அடித்து, கதவின் அடியில் மண்ணை அணைத்துவிடுவான். காலியாகக் கிடந்த அந்தக் கொட்டகையில்தான் குஞ்சுகளை விட்டான். அதே மாதிரி அடைத்தான். நடுவில் கரி அடுப்பு வைத்தான். வெளியே புல் பனியில் வெளுத்துக் கிடந்த காலைகளில் உள்ளே போனால் வேர்த்தது. முதல் இரண்டு வாரம் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

பக்கத்து வீட்டு இருளாயி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்கெல்லாம் கணப்பு போட்டுக் குடுக்குறீகளாக்கும். எங்க வீட்டு ஆளுக்கும் அந்த மூலையில ஒரு எடம் போடு மகா. ராவெல்லாம் இருமியே என்னையக் கொல்லுது" என்றாள்.

குஞ்சுகள் வளர வளர வேல்ராஜ் இன்னும் இறுக்கமாக அடைத்தான். விளக்கை அணைக்காமல் விட்டால் இரவெல்லாம் தின்னும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விளக்கை எரியவிட்டான். தட்டு காலியாகவே விடவில்லை. நான்காவது வாரம் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத கனம். கதவைத் திறந்தால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. அந்த வாரம்தான் சாவு தொடங்கியது.

கொடைக்கானலிலிருந்து மாடுகளுக்கு ஊசி போட வரும் டாக்டர் அகிலன் செவ்வாய்க்கிழமை வந்தார். அறுத்த கோழி எதையும் பார்க்கக்கூட இல்லை. கதவைத் திறந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு பக்கச் சாக்கையெல்லாம் முதலில் பிடுங்கச் சொன்னார். பிறகு வெளியே நின்று பொறுமையாக விளக்கினார். சதை வேகமாக வைப்பதற்கென்றே உண்டாக்கிய இனம் இது. அந்த வேகத்துக்கு நெஞ்சு ஈடு கொடுக்காது. கீழே சமாளித்துவிடும். இந்த உயரத்தில் காற்றே மெலிசு. இருக்கிற காற்றையும் அடைத்து, கரிப்புகையும் போட்டு, இரவு பகலாகத் தின்ன வைத்தால் வயிற்றில் நீர் கோர்த்துத்தான் சாகும்.

"குளிருக்குப் பயந்துதான் சார் மூடுனேன்" என்றான் வேல்ராஜ்.

"தப்பில்லைங்க. சின்னக் குஞ்சுக்கு அது சரி. இப்ப நீங்க மூடுனா மூச்சு முட்டிச் சாகும், தெறந்தா குளிர்ல சாகும். தீவனத்தைப் பாதியாக் கொறைங்க. முடிஞ்சா கீழ எறக்கிருங்க. நோவு முத்தாததெல்லாம் பொழைச்சுக்கும்."

டாக்டர் போனபிறகு வேல்ராஜ் கொட்டகையின் தெற்குச் சுவர் முழுவதையும் பிரித்தான். அன்றைக்கு உறைபனி. மறுநாள் விடிந்து பார்த்தால், அடுப்பு இருந்த மூலையில் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருந்தவை குவியல் குவியலாக நசுங்கிச் செத்திருந்தன. அவன் மறுபடியும் சாக்கை எடுத்துக் கட்டப் போனான். கட்டியதை அவள் அவிழ்த்தாள். அவன் திரும்பக் கட்டினான். மத்தியானம் இன்னும் சில செத்தன. இருளாயி இந்தத் தடவை கிண்டல் பேசவில்லை. குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தாள்.

வேல்ராஜின் அக்கா சுகன்யா மலைக்குக் கீழே கன்னிவாடியில் இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட மாட்டுத்தொழுவம் ஒன்று காலியாகக் கிடந்தது. டாக்டர் கீழே இறக்கச் சொன்ன உடனே அது மகாதேவிக்கு ஞாபகம் வந்தது. ஆனால் சொல்லவில்லை. திருப்பூர் விஷயம் முழுவதும் சுகன்யாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் மறைத்தாள் என்று மகாதேவி அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். அதன்பின் அந்த வீட்டில் கால் வைத்ததில்லை. கோழியோடு யாராவது கீழே போய் இருந்தாக வேண்டும். அவள் போக முடியாது. அவன் போனால், கன்னிவாடியிலிருந்து ஒட்டன்சத்திரம் பக்கம். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருப்பூருக்கு நேர் பஸ்.

யாரும் கீழே போகாமல் இருந்தாலோ கோழி சாகும். கோழி செத்தால் அவன் போவான். புதன்கிழமை பகல் முழுவதும் அவள் இதையே யோசித்துக்கொண்டு, செத்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டாள். சாயங்காலம் அவளே போய்த் தக்காளிக் கூடைகள் வாங்கி வந்தாள். கேரட் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரன் அஜயிடம் வெள்ளனே வரச் சொன்னாள். பிறகு வேல்ராஜிடம் வந்து சுகன்யாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ வேணா போறியா?"

"அவ வீட்டு வாசப்படி நான் மிதிப்பனா? ஒங்களுக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை காலை கூடைகளை வண்டியில் ஏற்றினார்கள். கோழிகள் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் போய் நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கேட்டாள்.

"போனா வருவீகளா?"

"கோழிய விடப் போறேன். என்னமோ கப்பல் ஏறிப் போற மாதிரிப் பேசுற."

"நான் கேட்டது அது இல்ல."

அவன் போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டான். அஜய் ஹாரன் அடித்து, "அண்ணே, வெரசா ஏறுங்க. மேகம் எறங்கிருச்சுன்னா ரோடு தெரியாது" என்றான். வண்டி வளைவில் மறையும்வரை மகாதேவி பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய்த் தமிழ்மதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினாள். அவளுக்கு அன்று அரையாண்டுத் தேர்வு.

வழியில் நான்கு செத்தன. கன்னிவாடிக்குப் போன இரண்டாம் நாள் சாவு நின்றது. வேல்ராஜ் போனில் வீடியோ அனுப்பினான். வெயில் விழுந்த தொழுவத்தில் கோழிகள் எழுந்து நடந்துகொண்டிருந்தன. கொண்டை சிவந்திருந்தது. தமிழ்மதி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மகாதேவியும் பார்த்தாள். கோழிகளைவிட, பின்னால் ஓரமாகத் தெரிந்த செருப்பு அவனுடையதா, அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்றுதான் பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஹபீபின் வண்டி கன்னிவாடிக்கே போய்க் கோழிகளை ஏற்றிக்கொண்டது. அடுத்த வளர்ப்பைப் பற்றிக் கேட்க மகாதேவி பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு அவர் கடைக்குப் போனாள். கூட்டம் நெரித்தது. அவர் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்து பேசினார்.

"தங்கச்சி, ஒம்மேல குத்தம் சொல்ல மாட்டேன். கோழி கீழதான் வளரும்னா, அங்க எனக்கு வத்தலக்குண்டுல பழைய ஆளு இருக்கான். அவன விட்டுட்டு ஒங்கிட்ட வாங்க எனக்கு என்ன முகாந்திரம்? மேல வளரும்னுதானம்மா ஒன்னைய இழுத்துவிட்டேன்."

பூண்டுக் கொட்டகையில் ஜன்னல் வைக்கிறேன், கொஞ்சமாகவாவது குஞ்சு விட்டுப் பாருங்கள் என்று அவள் கேட்டாள். நாட்டுக்கோழியாவது வளர்க்கிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைக்குள்ளிருந்து ஆள் கூப்பிட்டான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே வேல்ராஜுக்குப் போன் செய்தாள். சோலி முடிந்துவிட்டதே, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். தொழுவத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்றான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

"கோழி மேல தேறலையே மகா" என்றான்.

"பொழைச்சதுல்ல? நான் அனுப்புனதாலதான் பொழைச்சுச்சு. அது கணக்குல வராதா?"

அவன் சிக்னல் இல்லை என்றான்.

டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை காலை, வேல்ராஜ் ஒட்டன்சத்திரத்தில் திருப்பூர் பஸ் ஏறினான். சுகன்யா அதைப் போனில் தமிழ்மதியிடம் சொன்னாள். பொங்கலுக்கு அவன் வரவில்லை.