உபயதாரரின் நிழல்

1

மானுட குலத்தின் எரிசக்தி வரலாற்றையே திருப்பிப் போடும் சம்பவம் ஒன்று தாராவியில், ஒரு தகரக் கூரையின்மேல் நடந்தேறியது என்பதை வாசகப் பெருமக்களுக்குப் பணிவன்புடன் அறிவிக்கிறேன்.

(மாதுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கட்டுரை கேட்டார்கள். மேலே உள்ள வாக்கியத்தோடு அது நின்றுவிட்டது. மிச்சம் கதையாக வந்தது.)

2

கூரைக்குக் கீழே பேச்சிராஜா. தோல் பட்டறையில் நுரையீரலைத் தொலைத்தவர். ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட் போனால் மெஷினுக்கு பேட்டரி. பேட்டரிக்கு, சங்கம் கூரையில் மாட்டிய சோலார் பேனல்கள். பணம் கொடுத்தவர் செம்பூர் நெல்லையப்பன். ஆகவே பேனல்களுக்குத் தெற்கே, அவற்றைவிட உயரமாக, 'உபயம்: நெல்லையப்பன்' என்று ஒரு போர்டு.

அதன் நிழல் ஒரே ஒரு பேனலில்தான் விழுந்தது. ஆனால் பேனல்கள், வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும் ஆட்களைப் போல. ஒருவன் தளர்ந்தால் வரிசையே தளரும். பேட்டரி பாதிகூட நிறையவில்லை.

3

அந்த நிழலில் ஒரு கவித்துவமான

[வேண்டாம். மூச்சுத் திணறுகிறவன் வீட்டில் கவித்துவம் எதற்கு?]

சங்கத்து இன்ஜினியர் அனந்தகிருஷ்ணன் வந்து பார்த்தார்.

"பேனலுக்கு ஒண்ணா ஆப்டிமைசர் மாட்டிட்டா, நிழல் விழறது மட்டும் கம்மியா கொடுக்கும். மத்ததெல்லாம் ஃபுல்லா கொடுக்கும். ஆர்டர் பண்ணிடறேம்மா."

"போர்டக் கழத்துனா போதும்லா சார்?" என்றாள் பேச்சிராஜாவின் மனைவி பானுமதி.

"அது எப்படிம்மா? நெல்லையப்பன் சார் மனசு கஷ்டப்படும்."

"நான் வேணா கழத்துதேன். ஸ்க்ரூடிரைவர் இருக்கு."

பேச்சிராஜா கையசைத்தார். "விடுட்டி, ஜானே தோ. அவரு பேரு... வெயில்ல காயட்டும். நான் நெழல்லதான கெடக்கேன்."

(பானுமதி ஏன் ஏறிக் கழற்றிவிடவில்லை என்று கேட்பீர்கள். ஆக்ஸிஜன் மெஷினும் நெல்லையப்பன் உபயம்.)

4

ஆப்டிமைசர்கள் வருவதற்குள் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு மெஷின்

[இந்த வாக்கியத்தை முடித்தால் பேச்சிராஜா சாகிறார். முடிக்காவிட்டாலும்தான்.]

5

வேறு முடிவுகளும் கைவசம் உண்டு. ஆப்டிமைசர் பெட்டிகள் முந்தின நாளே வந்துசேர்கின்றன. அல்லது பானுமதி புருஷன் பேச்சைக் கேட்காமல் கூரையேறுகிறாள். அல்லது நெல்லையப்பனே வந்து, அண்ணாந்து பார்த்து, வெட்கப்படுகிறார் (இதை நானே நம்பவில்லை). பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

பிந்தி வந்த ஆப்டிமைசர்கள் பிரமாதமாக வேலை செய்கின்றன, அதில் பொய்யில்லை. துக்கம் கேட்கப் போனபோது பானுமதி சொன்னாள்: "இப்ப பேட்டரி நெறஞ்சே கெடக்கு சார். போன் சார்ஜ் போடுதேன்."

ஆப்டிமைசர்களுக்கும் ஓர் உபயதாரர் உண்டு; அவருடைய போர்டையும் கூரையில் ஏற்றிவிட்டார்கள்.