இடது படுதாவுக்குப் பின்னால்

சின்னப்பராஜ் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி, இரண்டு கைகளிலும் ஏந்தி மதன்குமாரிடம் கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ராசாத்தாளும் தட்டினாள். தட்டாமல் இருக்க முடியவில்லை.

"வயசாயிப்போச்சுங்க. வசனம் நிக்க மாட்டேங்குது. தம்பி நல்லாப் பண்ணுவாரு, தலையும் பெருசா இருக்குது," என்றார் சின்னப்பராஜ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒட்டுத்தாடியைப் பிய்க்கும்போது விரல்கள் பசையைத் தேடித் தடுமாறின. அதை ராசாத்தாள் மட்டும் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு டீ இறங்கவில்லை.

அது பெரிய நாடகக் கம்பெனி ஒன்றும் இல்லை. நாடகத்தைப் பழக்கி மேடையேற்றும் ராசாத்தாள் கணபதியில் கிரைண்டர் பட்டறை நடத்துகிறவள். மதன்குமார் பேங்க்கில் இருக்கிறான். சின்னப்பராஜ் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப் பல வேலை பார்க்கிறவர்கள் கூடி வருஷத்துக்கு ஒரு பழைய நாடகம் போடுவார்கள். தாத்தா காலத்து ராஜா நாடகங்கள்தான். வசனம் ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீளும், ஒரு சொல் குறைக்க மாட்டார்கள். சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை. சாம்பார் வாசனை போகாத அந்தக் கூடத்தில் இரண்டு பக்கமும் படுதா கட்டினால் அதுதான் அரண்மனை.

இடது படுதாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் கோவிந்தராஜுலு உட்கார்ந்திருப்பார். காந்திபுரத்தில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிறவர். மேடையில் யாராவது வசனம் மறந்து நின்றால் அடுத்த சொல்லை அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. நடிப்பவர் காதுக்கு எட்டும். முதல் வரிசைக்கு எட்டாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முழு ஒத்திகையில் ஒரே ஆள் மூன்று இடத்தில் நின்றுபோனால், அவரே வேஷத்தை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். யாரும் கேட்கக் கூடாது. "போங்கன்னு ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?" என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே சின்னப்பராஜ்தான்.

இந்த வருஷம் ஒரு கல்லூரி தன் பெரிய அரங்கில் நாடகம் போட இவர்களைக் கூப்பிட்டிருந்தது. ராசாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் சின்னப்பராஜின் குரல் மெலிந்துவிட்டது. ராஜா சபையில் கர்ஜிக்கும் இடத்தில், பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. ராஜாவாக மதன்குமார் இருந்தால் நன்றாக இருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. அந்த முழு ஒத்திகைக்கு முன்னால் கோவிந்தராஜுலுவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோயிந்து, இந்த ஒத்திகைல சின்னப்பண்ணனுக்கு எடுத்துக் குடுக்காதீங்க."

"நின்னுட்டாருன்னா?"

"நிக்கட்டும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஏனக்கா, நேராவே சொல்லிப்போடலாமே."

"அவருகிட்டயா? மனசு நொந்துபோயிருங்க."

"அப்ப இது நோகாதுங்களா?"

"நீங்க சும்மா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவர் சும்மா இருந்தார். சின்னப்பராஜ் மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் முகத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பினார். படுதா அசையவில்லை. மூன்றாவது தடவை அவர் கண்ணில் வந்தது கோபம் இல்லை, பயம். ராசாத்தாள் கையிலிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நொந்தாலும் நாலு நாளில் ஆறிவிடும் என்றுதான் நினைத்தாள். நாம் எல்லோரும் அப்படித்தானே நினைத்துக்கொள்கிறோம்.

மூன்று வாரம் கழித்துச் சின்னப்பராஜின் மனைவி அற்புதம் போன் செய்தார்.

"ராசாத்தா, இவரு ஸ்கூட்டரை எடுக்க மாட்டேங்கறாரு. போற வழி மறந்துருமாம். சர்ச்சுல வாசகம் வாசிக்கறதையும் விட்டுட்டாரு. கேஸ் அடுப்புல 'அணைச்சாச்சா'ன்னு பேப்பர் எழுதி ஒட்டியிருக்கறாரு. அவங்கப்பாருக்கு வந்த மறதி நோவு இவருக்கும் வந்திருச்சுன்னு ஒரே பேச்சு. பையன் ஓசூருக்கே வந்துருங்கறான். ஊட்டை வாடகைக்கு உட்டுட்டுப் போயிரலாம்னு சொல்றாரு. இந்த ஊரை உட்டுட்டு நான் அங்க போயி யாரு மூஞ்சியைப் பாக்கறது, சொல்லு?"

ராசாத்தாள் தேங்காய் பன் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போத்தனூரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். வாசலுக்குள் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள் இருந்தன. சின்னப்பராஜ் எழுந்து வரவேற்றார்.

"வாங்க அம்மணி. பாருங்க, உங்க பேரு ஞாபகம் இருக்குது."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் மழையைப் பற்றிப் பேசினாள். கிரைண்டர் கல் விலை ஏறியதைப் பற்றிப் பேசினாள். காபி குடித்தாள். "வாரனுங்ணா," என்று எழுந்து செருப்பும் போட்டுவிட்டாள். கேட்டின் கொக்கியில் கை வைத்தவள், கொக்கியை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கலைங்ணா."

"டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. என்ற அப்பனுக்கும் மொதல்ல அப்படித்தான் சொன்னாங்க."

"இல்லீங்க. அன்னிக்குக் கோயிந்து உங்களுக்கு எடுத்துக் குடுக்கலை."

"அவன் குடுக்காம இருப்பானா? குடுத்திருப்பான். எனக்குத்தான் காதுல ஏறலை. அதுதான் அம்மணி பயமே. மறந்தது கூடப் பெருசில்ல. சொன்னது கூட ஏறலைன்னா அப்புறம் என்ன இருக்குது?"

"குடுக்கலைங்ணா. நாந்தான் குடுக்க வேண்டாம்னு சொன்னேன். மதனுக்கு வேஷத்தைக் குடுக்கோணும்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொல்ல வாய் வரலை."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"மூணு எடத்துலயுமா?"

"மூணு எடத்துலயும்."

சின்னப்பராஜ் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, தொண்டையைச் செருமி, ராஜாவின் கடைசிச் சபை வசனத்தைத் தொடங்கினார். "என் குடிகளே! என் கண்ணனையவர்களே! இந்த மணிமுடி என் சிரத்தில் இருந்த வரையில் பாரமாய்த் தெரியவில்லை..." ஒரு சொல் பிசகாமல் வந்தது. அன்று முதலில் நின்ற இடத்தில் வந்து நிறுத்தினார். முகம் இடப்பக்கம் திரும்பியது. அங்கே பிரிட்ஜ்தான் இருந்தது. பிறகு அவர் மீதியையும் சொல்லி முடித்தார்.

"அந்த எடத்துல நான் எப்பவும் நிறுத்துவேனுங்க," என்றார். "மறந்து இல்ல. கோயிந்து ஒரு சொல்லு சொல்லுவான். ஆளு அங்க இருக்கறான்னு ஒரு தெம்பு. அதைக் கேட்டுட்டு மேல போவேன். பல வருஷப் பழக்கம். அன்னிக்குச் சத்தத்தையே காணோம். அதுல மீதியும் பயத்துல போயிருச்சு."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேராச் சொல்லியிருக்கலாமே, அம்மணி. ரெண்டு வாரம் உங்க கூடப் பேசாம இருந்திருப்பேன். எங்கூட்டுக்காரிகிட்ட உங்களைத் திட்டியிருப்பேன். அப்புறம் மந்திரி வேஷமாச்சும் குடுங்கன்னு வந்து நின்னிருப்பேன்."

"உங்க மனசு நொந்துருமேன்னு..."

"மனசு நோவு வேறங்க. படுத்தா, அற்புதத்தோட பேரு மறந்துருமோன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுக் கெடந்தனுங்க. இது நோவு இல்ல."

சமையலறை வாசலில் அற்புதம் நின்றிருந்தார். "அதுக்குத்தான் சும்மா சும்மா அற்புதம், அற்புதம்னு கூப்புட்டீங்களா? நான் என்னமோ இந்த வயசுல பாசம் பொங்குதுன்னுல்ல நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த பன் பாக்கெட்டை எடுத்து ராசாத்தாள் கையில் வைத்தார். "இதை எடுத்துட்டுப் போயிரு, தாயி. இன்னிக்கு எங்களுக்கு எறங்காது."

அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

சின்னப்பராஜ் கேட் வரை வந்தார். "கிரீடம் மதனுக்கே இருக்கட்டும். அவன் தொண்டை நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் அதை எல்லாரு முன்னாடியும் கழட்டிக் குடுத்தேன். பாவம், மறந்துபோச்சுன்னு எல்லாரும் பாத்தாங்க. அதே மாதிரி எல்லாரு முன்னாடியும் நீங்க சொல்லிருங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றனுங்ணா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பஸ்ஸில் அந்த பன் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தாள். கொடுக்க வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கேட்காமல் விடுகிற அந்த மரியாதைதானே எல்லோருக்கும் இருக்கிறது.

ஆனாலும் போனாள்.

படுதா கட்டியாகிவிட்டது. மதன்குமார் கிரீடத்தைப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஆரம்பிக்கலாமுங்களா?" என்றான். ராசாத்தாள் அவனைத் தாண்டிப் போய் மேடையின் நடுவில் நின்றாள். எல்லோரும் ஏதோ அறிவிப்பு என்று உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலிக்குப் பின்னால் கதவு திறந்தது. சின்னப்பராஜ் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். அவர் கையில் ஹெல்மெட் இருந்தது.

"போன மாசம் ஒத்திகைல..." என்று தொடங்கினாள்.

அதற்கு மேல் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுதும் சொல்லிப் பார்த்ததுதான். அத்தனை முகங்களும் அவளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ, "தண்ணி வேணுங்களாக்கா?" என்று கேட்டார்கள். மழையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் போலிருந்தது. அவளை அறியாமல் முகம் இடப்பக்கம் திரும்பியது.

கோவிந்தராஜுலு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம் மூடிக் கிடந்தது. அவள் கண்ணைப் பார்த்தார்.

"சின்னப்பண்ணனுக்கு," என்றார் அடிக்குரலில்.

"சின்னப்பண்ணனுக்கு," என்றாள் ராசாத்தாள், கடைசி நாற்காலி வரை கேட்கும்படி. "சின்னப்பண்ணனுக்கு ஒண்ணும் மறக்கலைங்க. எடுத்துக் குடுக்க வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன்."