பிரிக்காத தட்டு

ஜவாத் கல்முனை பஸாரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இசைத்தட்டு சேகரிப்பாளர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். மருதமுனையில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டின் முன்னறை முழுக்க அவருடைய தட்டுகள்தான். வீடு மட்டும் அவருடையதல்ல. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். மனைவி மேனுஜாவுக்கென்று அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது கட்டிக் கொடுத்த வீட்டில்தான் ஜவாத் இத்தனை காலமாக ஆணி அடித்து, பலகை பூட்டி, தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

கச்சிமுகம்மதுவுக்கும் பஸாரில் புடவைக் கடை இருந்தது. ஆனால் ஊர் அவரை அறிந்தது பாட்டால். இளமையில் ஒருதரம் கொழும்புக்குப் போய் இரண்டு பாட்டுப் பாடி ஒரு சின்ன இசைத்தட்டும் வெளியிட்டார். ஒரு பக்கம் நபிபுகழ். மறுபக்கம், மேனுஜா பிறந்தபோது அவரே கட்டிய தாலாட்டு. அதில் அவள் பெயர் வரும். சின்ன வயதில் அந்தத் தட்டு வீட்டில் ஓடாத வெள்ளிக்கிழமை இல்லை.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று காலையில் கச்சிமுகம்மது மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். அடக்கம் செய்ய மையத்துகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் தட்டு, கசட், படம் என்று அவர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். மேனுஜாவுக்குத் தாலாட்டின் வரி ஒவ்வொன்றும் மனப்பாடம். குரல்தான் போய்விட்டது. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது தன் குரலிலேயே கேட்டது. வாப்பாவின் முகம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் தன்னுடையது. இந்தத் துக்கத்தை யாரிடம் சொல்வது?

அப்படியிருக்கையில்தான், கண்டியில் மூடப்போகும் ஒரு பழைய கடையின் பின்னறையில் ஜவாத்துக்கு அந்தத் தட்டு கிடைத்தது. அதுவும், கம்பனி ஒட்டிய பொலித்தீன் உறை கூடப் பிரிக்காமல். பஸ்ஸால் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"இஞ்சப் பாரு மேனுஜா, ஆரு வந்திரிக்கிறெண்டு!"

அட்டையில் தொப்பியும் மெல்லிய மீசையுமாக வாப்பா. மேனுஜா பொலித்தீனுக்கு மேலால் அந்த முகத்தைத் தடவினாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உடுப்பு மாற்றவும் விடாமல் அவரை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போடுங்க."

"என்னத்தப் போடுற?"

"என்னத்தயா? வாப்பாட பாட்டத்தான்."

ஜவாத் தட்டை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "உனக்கென்ன விசரா? சீல் உடையாத தட்டு இது. இலங்கையில இன்னொண்டு இரிக்கோ தெரியா. துறந்தா இது பழைய தட்டு. துறக்காட்டி இது ஒண்டே ஒண்டு."

"ஒரு தரம் போட்டா என்ன கொறஞ்சா போகும்?"

"ஊசி பட்டா தேயும். அவசரப்படாத. மறுகா பாப்பம்."

மறுகா. பிறகு என்று பொருள். அந்தச் சொல் அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது, பிறகு போகவேயில்லை.

தட்டை முன்னறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை, அதாவது சாவியை, ஜவாத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். இரவோடு இரவாகத் தட்டின் படம் சேகரிப்பாளர்களின் குழுமத்தில் ஏறிவிட்டது. லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் டுபாயிலிருந்தும் ஆட்கள் வாழ்த்தினார்கள். திறக்காதீர்கள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று ஆளுக்காள் மன்றாடினார்கள். கேட்கிற இன்பம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், காக்கிற பெருமை காலத்துக்கும் நிற்கும் என்று ஒருவர் எழுதியதை ஜவாத் சாப்பாட்டு மேசையில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஓர் ஆள் மட்டும், பாடியவர் கேட்கத்தானே பாடினார் என்று எழுதியிருந்தார். அவருக்கு நாலா பக்கமும் ஏச்சு விழுந்தது. மேனுஜாவுக்கு அந்த முகந்தெரியாத மனிதரைத் தேடிப்போய் ஸலாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு தரம் ஓடவிட்டு போனில் பதிந்துகொள்வோம், பிறகு நீங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அதற்கு மேல் ஒரு மனைவி இறங்கி வர முடியுமா? "சீல் போனா போனதுதான் புள்ள, திரும்ப ஒட்டேலா" என்றார். ஒவ்வொரு டிசம்பரிலும் வாப்பாவுக்குக் கத்தம் ஓதி ஆட்களுக்குச் சோறு கொடுத்த பிறகு, சாப்பிட்ட சஹன் தட்டங்களைக் கழுவி வைத்துவிட்டு ஒருதரம் கேட்பாள். மறுகா பாப்பம் என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், தலையைத் தடவிச் சொல்வார். அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

பக்கத்து வீட்டுப் பாத்தும்மா வேலிக்கு மேலால் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "ஊடு உன்ட. வாப்பா உன்ட. அலுமாரித் திறப்பு மட்டும் அவர்ரயா?"

திறப்பை எடுக்க மேனுஜாவுக்கு வழி தெரியாமலில்லை. ஆனால் வாப்பாவின் குரலைக் கள்ளத்தனமாகக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் அது இவர் போட்டு, பக்கத்திலிருந்து, உன்ட வாப்பா நல்லாப் பாடியிருக்கார் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

பிறகு ஒரு நாள், கடல் வருதாம் என்று ஊரெல்லாம் ஓடியது. யார் கிளப்பிவிட்டது என்று இன்றுவரை தெரியாது. ஜவாத் கடையில் இருந்தார். மேனுஜா வீட்டு உறுதிப் பத்திரத்தையும் நகையையும் அள்ளிக்கொண்டு அலுமாரிக்கு ஓடினாள். பூட்டிக் கிடந்தது. இழுத்தாள், அடித்தாள், கைவிட்டாள். கரையை விட்டு நாவிதன்வெளிப் பக்கம் போன ஒரு வேனில் ஏறி, தெரிந்தவர் வீட்டில் பொழுதுபடும்வரை அழுதாள். கடல் வரவில்லை. வாப்பாவை இரண்டாந்தரமும் கடலுக்கு விட்டுவிட்டு ஓடினேனே என்ற எண்ணம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

திரும்பி வந்ததும் ஜவாத்திடம் சொன்னாள். "அத அலுமாரிக்குள்ள வைக்க வேணா. மேல வைங்க, உறுதி வைக்கிற பெட்டிக்குள்ள."

கடல் வந்த பிறகு எங்கள் கரையில் பெறுமதியானது எதுவும் கீழே இருப்பதில்லை. காணி உறுதி, பாஸ்போர்ட், பிள்ளையின் சேர்டிபிக்கட் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் கூரையடியில் ஏறிவிடும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நிம்மதி. ஜவாத்தும் மறுபேச்சில்லாமல் தட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்து, அதற்குப் புதுப் பூட்டும் போட்டார். மற்றத் தட்டுகளில் யன்னல் வெயில் ஒரு கீற்று விழுந்தாலும் பதறுகிற மனிதர்தான். தண்ணீருக்குப் பயந்த கண்ணுக்கு, தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் சீற் பகல் முழுக்கக் காய்வது தெரியவில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து ஜுனைட் வந்தார். அவரும் தட்டுப் பைத்தியம்தான். அபூர்வமான தட்டுகளைப் படமெடுத்து ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். ஜவாத் காலையிலேயே அத்தர் பூசிக்கொண்டார். மேனுஜா கோழி ஆணம் காய்ச்சினாள், வட்டிலப்பம் அவித்தாள். இந்த மனிதராவது ஒரு வார்த்தை சொல்லி இவரைத் திறக்க வைக்க மாட்டாரா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

சாப்பாடு முடிந்து ஜவாத் ஏணி வைத்து ஏறினார். பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கி, மேசையில் வைத்தார். மேனுஜா தேத்தண்ணித் தட்டத்தோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

தட்டு மேசையில் படியவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஜுனைட் விரலால் தொட்டார். ஆடியது.

"நாநா, இத எங்க வெச்சீந்த?"

"மேல. பத்திரமா."

ஜுனைட் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "வளஞ்சீக்கி நாநா. தகரப் பெட்டிச் சூட்டுல இளகி, பொலித்தீனும் சுருங்கி இழுத்தீக்கி. பப்படம் மாதிரி ஆகீக்கி."

திரைச்சீலைக்கு அப்பால் பொலித்தீன் சரசரத்தது. பிறகு ஜவாத்தின் குரல் கேட்டது.

"சீல் உடையல்லதானே?"

"சீல் அப்படியே ஈக்கி."

"முன்பக்கத்தால எடுத்தா படத்தில தெரியாதுதானே?"

ஜுனைட் தயங்கினார். "படத்துல தெரியா."

"அப்ப எடுங்க." ஜவாத் குரலைத் தாழ்த்தினார். "இது உள்ளுக்குத் தெரிய வேணா."

உள்ளுக்கு என்றால் மேனுஜாவுக்கு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆண் இருக்கிறாரே என்றும் பாராமல் முன்னறைக்குள் வந்தாள். தேத்தண்ணியை வைத்தாள். தட்டை எடுத்தாள். பொலித்தீன் நகத்துக்கு மசியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"அல்லாஹ்வே, மேனுஜா!" ஜவாத் கத்திய கத்தலில் தெரு நாய் குரைத்தது.

"சத்தம் போடாதீங்க. பாட்டுக் கேக்கணும்."

தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கினாள். இந்த வீட்டில் இத்தனை காலம் பார்த்திருக்கிறாளே, தெரியாதா என்ன. தட்டு ஏறி இறங்கி ஓடியது. ஊசியும் அதோடு ஏறி இறங்கியது. முதலில் ஆர்மோனியம் வந்தது, குடித்தவன் நடப்பதுபோல் தள்ளாடிக்கொண்டு. பிறகு வாப்பா வந்தார். குரல் எழும்பும், உடனே அமிழும். மூச்சு வாங்கினாற்போல் ஓரிடத்தில் அறுந்து அடுத்த வரியில் மேலே வரும். இது அவரா? அவர்தான். இத்தனை வருடத்தில் முதல் தரமாக, தன் குரலில் இல்லாமல் அவர் குரலில்.

ஜவாத் ஊசியைத் தூக்கக் கை நீட்டினார்.

"கை வைக்காதீங்க."

"நீதானே மேல வைக்கச் சொன்னாய்!" என்றார் ஜவாத். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் சொல்லக் கிடைத்தது அதுதான்.

"ஓம், நான்தான் சொன்னன். ஒருக்கா கடல் கொண்டு போயிற்றே எண்டு சொன்னன். நீங்க கொண்டு வந்த அண்டைக்கே ஒருக்காப் போட்டிருந்தா அவர் என்ட காதுக்குள்ள இருந்திரிப்பார். மேல வைக்கவும் தேவல்ல, கீழ வைக்கவும் தேவல்ல."

ஜவாத் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். ஜுனைட் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. மேனுஜா தட்டைத் திருப்பிப் போட்டாள்.

தாலாட்டு. அடுத்து எந்த வரி, எங்கே இழுப்பு, எங்கே தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். அந்த இடம் வந்தது. மேனுஜா என்று வாப்பா அழைத்தார். குரல் உயர்ந்தது, நீண்டது, அப்படியே கீழே போய் மூழ்கியது. திரும்பவும் மேலே வந்து, மேனுஜா மகளே என்று அழைத்து, திரும்பவும் மூழ்கியது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மனிதன் கூப்பிட்டால் அப்படித்தான் இருக்கும்.

கடல் வந்த அன்று காலையில் அவர் என்னைக் கூப்பிட்டாரா, கூப்பிடவில்லையா என்று அவள் இத்தனை காலமும் கேட்காத இரவில்லை. இப்போது காதாலேயே கேட்டுவிட்டாள். இனி இந்தக் குரலை யாராலும் அவள் காதிலிருந்து எடுக்க முடியாது.

ஊசி கடைசிக் கோட்டில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எழும்பவில்லை. மேனுஜா அழவுமில்லை. அழுதிருந்தால் ஜவாத்துக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். ஜுனைட்தான் போய்ட்டு வாறன் என்று எழும்பினார். படமெடுக்கக் கொண்டுவந்த கமராவை அவர் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு ஜவாத் திரும்பி வந்தார். நிலத்தில் கிடந்த பொலித்தீன் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார். எறிய மனமில்லாமல் உள்ளங்கையில் வைத்து நீவிவிட்டார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு கண்ணாடிக்கி நடுவுல வெச்சு மெல்லமாச் சூடு காட்டினா நிமிரும் எண்டு சொல்றாங்க புள்ள. நிமித்திப் போட்டு, நீ சொன்னாப்போல போனில பதிஞ்சு வைப்பம். இப்பவே செஞ்சு பாக்கட்டா?"

மேனுஜா தட்டை அட்டைக்குள் போட்டாள். அவர் ஏணியைப் பிடிக்கப் போனார். அவள் ஏணிப் பக்கம் திரும்பவில்லை. கீழே குந்தி, அலுமாரியின் ஆக அடித்தட்டில், கடல் வந்தால் முதலில் நனையும் இடத்தில், அதை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"மறுகா பாப்பம்" என்றாள். பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.