கிள்ளி எரித்த மாவு

ஸ்லாட்டாவுக்கு வாய் நீளம். பக்கத்து வீட்டு ஃப்ரூமாவின் மகள் பெஷா தாய்வீட்டில் முதல் பிரசவத்திலேயே செத்துப்போனபோது, கிணற்றடியில் பத்துப் பெண்கள் காதுபட, "அந்த வீட்டுல ஒழுங்கா ஹல்லா எடுத்திருக்க மாட்டாங்க, வேற என்ன?" என்று சொல்லிவிட்டாள். யூதப் பெண்கள் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு துண்டு கிள்ளி, ஆண்டவன் பங்கென்று அடுப்பில் எரிப்பதுதான் ஹல்லா எடுப்பது. அது தவறிய வீட்டுப் பெண் பிள்ளைப்பேற்றில் பிழைக்க மாட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. அதற்காக, மகளைப் பறிகொடுத்தவளைப் பற்றி இப்படியா பேசுவது? நாக்கில் நரம்பிருந்தால் வருமா அந்த வார்த்தை? அதோடு ஃப்ரூமா அவளிடம் பேசுவதை விட்டாள். இரண்டு வருஷமாயிற்று.

இப்போது ஸ்லாட்டாவின் மகள் மீர்லா உள்ளறையில் துடிக்கிறாள். வியாழன் விடிகாலையில் பிடித்த வலி, வெள்ளி மதியமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருமகன் ஜெபக்கூடத்தில் சங்கீதம் ஓதிக்கொண்டிருந்தான். மருத்துவச்சி டோபா கை கழுவ வெளியே வந்தாள்.

"மரம் மாதிரி ஏன் நிக்குற? போய் மாவைப் பிசை. ஹல்லா எடுக்கும்போது கேட்டது கிடைக்கும்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நீதானே!"

ஸ்லாட்டா மாவுப் பானையைக் கவிழ்த்தாள். ஒரு சின்ன ரொட்டிக்குத்தான் தேறும். அவ்வளவு குறைந்த மாவில் ஹல்லா எடுக்க முடியாது, அதற்கென்று அளவு இருக்கிறது. ஹல்லா இல்லாவிட்டால் வேண்டுதலும் இல்லை. விளைச்சல் பொய்த்த வருஷம், கடையில் செவ்வாயோடு மாவு தீர்ந்துவிட்டது. தெருவில் மாவிருக்கும் ஒரே வீடு, தம்பி மாவு அரைக்கும் ஆலையில் வேலை செய்யும் ஃப்ரூமாவின் வீடு.

போனாள். வேறென்ன செய்வாள்?

"அடேயப்பா, என் வாசல் இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள் ஃப்ரூமா.

"மீர்லாவுக்கு ரெண்டு நாளா வலி, ஃப்ரூமா. ஹல்லா எடுக்க மாவு பத்தல."

ஃப்ரூமா உள்ளே போய், பை நிறைய மாவைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ஸ்லாட்டா பிசைந்து முடிக்கும்வரை அடுப்பருகில் அசையாமல் நின்றாள்.

ஸ்லாட்டா ஒரு துண்டைக் கிள்ளினாள். ஆசி மொழியைச் சொன்னாள். "ஆண்டவனே, என் பொண்ணை எனக்கு விட்டுடு," என்று கேட்டு, நெருப்பில் போட்டாள். மாவு உப்பி, கருகியது.

"நானும் அந்த வாரம் இப்படித்தான் எடுத்தேன். இதையேதான் கேட்டேன்," என்றாள் ஃப்ரூமா.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் ஏது? ஆனால் ஊரையே ஏசிய வாய்க்காரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொட்டிகளை அடுப்புக்குள் தள்ளினாள்.

ரொட்டிகள் சிவந்துகொண்டிருந்தபோது பிள்ளை அழுதது. பெண் குழந்தை. ஸ்லாட்டா சிரித்தேவிட்டாள், பாவம். உதிரம் நிற்கவில்லை என்று டோபா வந்து சொன்னாள். அந்தியில் ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்குள் மீர்லா போய்விட்டாள்.

தெருப் பெண்கள் வந்து கூடினார்கள். ஸ்லாட்டா அவர்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியும், அவள் கற்றுக்கொடுத்த பேச்சல்லவா? நினைத்தபடியே பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்: "இந்த வாரம் இங்க ஹல்லா எடுத்தாங்களாமா?"

"எடுத்தா," என்றாள் ஃப்ரூமா. "நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். இனி எவளாவது வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

ஸ்லாட்டா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்லாட்டாவின் விரல்களில் பிசைந்த மாவு இன்னும் ஒட்டியிருந்தது. அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி, "ஃப்ரூமாவும் எடுத்தாடி, அவளும் எடுத்தா," என்று கதறினாள்.