கடைசி ஆளின் காது

மாசி வெயில் ஏறுவதற்கு முன்பே ராக்காயி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இந்த வயல்ல பாட்டு முடியிறப்போ கடைசியில நிக்கிறவ வரம்பத் தொட்டிருக்கணும். தொடலன்னா இனி நான் முன்பாட்டுப் பாடமாட்டேன். வேற யாராச்சும் பாடிக்கங்க." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பன்னிரண்டு பேர் வரிசையின் முதல் இடத்தில் போய் நின்றாள். கடைசியில் நிற்பவள் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார் சுப்பம்மாதான்.

முரசுமோட்டையில் அருவி வெட்டுக்கு, நெல் அறுக்க, எத்தனையோ கூட்டம் வரும். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களைவிட்டு வந்த இந்தப் பெண்களைத்தான் வயல்காரி விமலேஸ்வரி நாலு வருடமாகக் கூப்பிடுகிறாள். காரணம் ராக்காயியின் குரல். அது இனிமையான குரலா என்று கேட்டால் சுப்பம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அடேயப்பா, கையைப் பிடித்து இழுக்கிற குரல்! அவள் ஓர் அடி பாட, பதினொரு பேரும் திருப்பிப் பாட, பாட்டு ஓடுகிற ஓட்டத்துக்கு அரிவாளும் ஓடும். ஒரு பாட்டுக்கு ஒரு வயல், பிசகாது. இடுப்பு வலி, பிள்ளையின் காய்ச்சல், புருசன் பேசிய பேச்சு எல்லாம் இந்த வரம்புக்கும் அந்த வரம்புக்கும் நடுவில் காணாமல் போகும்.

பொங்கலுக்குப் பிறகு நெல்லுச் சுணையும் தூசியும் ஏறி அந்தத் தொண்டை கரகரத்துவிட்டது. மருந்து கொடுத்தவர் "நோகுதோ?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை ஊரே சொல்லிச் சிரித்தது. "நோவெல்லாம் இல்லீங்கய்யா. பாட்டு முடியிறப்போ சுப்பம்மா பத்து முழம் பின்னால நிக்கிறா."

விமலேஸ்வரி கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்திருந்தாள். "எனக்கெண்டா ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. வடிவாத்தான் பாடுறீங்கள். இதைக் குடியுங்கோ."

ராக்காயி குடித்தாள். "நீங்க பக்கத்துல நிக்கிறீங்கம்மா" என்றாள்.

பாட்டுத் தொடங்கியது. முதல் அடி வந்தது. இரண்டாவது அடி பாதியில் தேய்ந்தது. அதற்குப் பிறகு சுப்பம்மாவுக்கு ராக்காயியின் குரல் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற இலட்சுமியின் வாயைப் பார்த்துத் தன் வாயை அசைத்தாள். மதினி பாடாத வயலை அவளால் நினைக்கவே முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குனிய நேரமில்லாமல், எட்டின இடத்திலெல்லாம் வெட்டினாள். பாட்டு முடியவும் அவள் கால் வரம்பில் ஏறவும் சரியாக இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

ராக்காயி சிரிக்கவில்லை. வெட்டிய வயலைப் பார்த்தபடியே நடந்து வந்து சுப்பம்மாவின் பக்கத்தில் நின்றாள். மற்றவர்கள் வெட்டிய இடத்தில் அரிதாள் கணுக்கால் உயரம். இங்கே முழங்கால் உயரம், நடுநடுவே கதிரோடு நின்றது. சுப்பம்மா ஒருநாளும் இப்படி வெட்டியதில்லை.

"என் பாட்டு ஒனக்கு எத்தனாவது அடியில நின்னுச்சு?"

சுப்பம்மா குனிந்து, கதிரோடு நின்ற தாளை வெட்டப் போனாள்.

"என் தொண்ட எனக்குள்ள நல்லாத்தான்டி கேக்குது. முந்தி மாதிரியே கேக்குது. ஒன்ன விட்டா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"ரெண்டாவதுல, மதினி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ராக்காயி வரம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு எழுந்து அடுத்த வயலில் இறங்கி, முதல் இடத்தை விட்டுவிட்டு வரிசையின் நடுவில் போய் நின்றாள்.

"பாடமாட்டேன்னு சொன்னியே?" என்றாள் இலட்சுமி.

"ஒழுங்கா அளந்து பாத்த பொறகுதான் அது. இன்னும் அளக்கவே இல்லியே. சுப்பம்மா, கேக்கலன்னா அருவாளத் தூக்கு. பாவம் பாக்காத."

இப்படியும் ஒரு பொம்பளையா என்று சுப்பம்மாவுக்கு மலைப்பாக இருந்தது. பாட்டு எழுந்தது. இரண்டாவது அடி வந்தது. மூன்றாவது வந்தது. நாலாவதும் வந்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஐந்தாவதில் இலட்சுமியின் வாய் அசைந்தது, மதினியின் குரல் வந்து சேரவில்லை. கொஞ்சம் வேகமாக வெட்டினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. சுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு அரிவாளைத் தூக்கினாள்.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தபோது ராக்காயி கதிர்களை விலக்கிக்கொண்டு இரண்டு ஆள் தூரம் இவள் பக்கம் வந்து நின்றிருந்தாள். தொண்டையைச் செருமி, தூக்கிய அரிவாளையே பார்த்தபடி, சுருதியைச் சற்று இறக்கி, ஐந்தாவது அடியை மறுபடியும் எடுத்தாள். சுப்பம்மா அரிவாளை இறக்காமல் காதைக் கொடுத்து நின்றாள்.